பூட்டுப்படும், ஆனால் வேலை செய்யுமா?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அண்ணா, திருகோணமலையில் கலியாணம், சாமத்திய வீடு எடுக்கிறேன். என்னிடம் இருப்பது நிக்கோன் டி7000. லென்ஸ்கள் மூன்று: 18-105, 50 எஃப்1.8டி, பாவித்ததாக வாங்கிய 80-200 எஃப்2.8டி. இப்போது நிக்கோனின் மிரர்லெஸ் (உள்ளே எழும்பி இறங்கும் கண்ணாடி இல்லாத) கமராவான இசட்5 எடுக்க நினைக்கிறேன். ஒரு அடப்டர் போட்டால் எல்லா லென்ஸும் சரிவரும் என்று கடையில் சொல்கிறார்கள். சிநேகிதன் கெனனுக்கு மாறச் சொல்கிறான். என்ன செய்யலாம்?"

தம்பி, கடையில் உங்களுக்குப் பொய் சொல்லவில்லை. அடப்டரைப் போட்டால் மூன்று லென்ஸும் இசட்5இல் பூட்டுப்படும். கிளிக் என்று சத்தமும் கேட்கும், படமும் விழும். ஆனால் பூட்டுப்படுவது வேறு, வேலை செய்வது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் காசு காணாமற் போகிறது.

நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இசட்5இல் உங்கள் 18-105 (லென்ஸின் குவியத் தூரம், மில்லிமீற்றரில்; எண் கூடக் கூடக் காட்சி நெருங்கி வரும்) தானாக ஃபோகஸ் செய்யும், ஆனால் படம் ஏறத்தாழ 10 மெகாபிக்சலுக்குச் சுருங்கிவிடும். உங்கள் பழைய டி7000 தருவதே 16. மற்ற இரண்டு லென்ஸும் ஓட்டோ ஃபோகஸ் இல்லாமல் போய்விடும், கையால்தான் திருக வேண்டும். அதாவது புதிய கமரா வாங்கிய அன்றே, இருக்கிற லென்ஸ்களை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் கை முன்பை விடக் கட்டுப்பட்டுத்தான் நிற்கும். அதற்காக இசட்5 கூடாத கமரா என்று அர்த்தமில்லை. அது நல்ல கமரா, உங்கள் லென்ஸ்களுக்கான கமரா இல்லை, அவ்வளவுதான்.

ஏன் இப்படி? இன்றிரவு அந்த 50ஐக் கழற்றி, பின்பக்கம் மேலே பார்க்க மேசையில் வையுங்கள். உலோக வளையத்தின் ஓரமாக, திருகாணியின் தலையில் இருப்பது போல ஒரு சின்ன வெட்டுத் தெரியும். இனி டி7000இன் வாயைப் பாருங்கள். லென்ஸ் பூட்டுப்படும் மவுண்ட் வளையத்தின் கீழ்ப்பகுதியில் ஒரு சின்னத் திருப்பு முனை வெளியே எட்டிப் பார்க்கும். கமராவின் முன்பக்கம் இருக்கும் ஏஎஃப் - எம் சுவிட்சை எம் பக்கம் தள்ளினால் அந்த முனை உள்ளே போய்விடும், திரும்பத் தள்ளினால் வெளியே வரும். விஷயம் இதுதான். உங்கள் 50க்குள்ளும் 80-200க்குள்ளும் மோட்டரே கிடையாது. மோட்டர் இருப்பது கமராவின் பொடிக்குள், அதாவது லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் கமரா உடம்புக்குள். பொடி திருகினால் லென்ஸ் சுழலும். 80-200 ஃபோகஸ் எடுக்கும்போது கேட்கும் அந்தக் கிர்ர்ர் சத்தம் அதன் சொந்தக் குரல் இல்லை, டி7000 பாடுவது.

18-105 அப்படியில்லை. அதன் உடம்பில் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும். மோட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, பொடி மின்சாரத்தால் கட்டளை கொடுத்தால் போதும்.

நிக்கோனின் அந்த அடப்டருக்கு எஃப்.ரி.இசட் என்று பெயர். 2018இல் வந்தது. 2021இல் வந்த இரண்டாவது பதிப்பில் கீழே துருத்திக்கொண்டிருந்த முக்காலிக் காலை எடுத்துவிட்டார்கள். கடையில் அதைக் கையில் வாங்கி உள்ளே பாருங்கள். மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கும், லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரத்தை (எஃப் எண்ணால் சொல்வது இதைத்தான்) திறந்து மூடுகிற ஒரு சின்ன நெம்பும் இருக்கும், திருப்பு முனை மட்டும் இருக்காது. முதற் பதிப்பிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அதனால் உங்கள் 50 பூட்டுப்படும், வெளிச்சம் அளக்கும், துவாரம் சரியாக மூடும், கமராவின் அதிர்வுத் தடுப்புக்கூட அதற்கு வேலை செய்யும். ஃபோகஸ் மட்டும் அசையாது.

இந்தப் பாடத்தை நான் காசு கொடுத்துப் படித்தவன். ஒரு காலத்தில் என்னிடம் இருந்தது டி5100. 50 எஃப்1.8டி மலிவாக ஒன்று வந்தது. விற்றவர் "நிக்கோன் எதற்கும் போடலாம்" என்றார். அதுவும் பொய்யில்லை. அடுத்த நாள் உப்புவெளிப் பக்கம் ஒரு சாமத்திய வீடு. ஆரத்தி எடுக்கிற நேரம் பாதி அழுத்துகிறேன், சத்தமே இல்லை. டி40, டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை, இவை எதிலும் பொடிக்குள் மோட்டர் இல்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. கையால் திருகித் திருகி எடுத்தேன். இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பிள்ளையின் தோடு பளிச்சென்று இருக்கிறது, கண் மங்கல். ஒன்றிரண்டு படமென்றால் பரவாயில்லை, ஆரத்தி முழுக்கவே அப்படி. அந்தத் தாயிடம் அல்பம் கொண்டுபோன நாளை இப்ப நினைத்தாலும் கூச்சமாக இருக்கும்.

கையால் திருகுவது அவ்வளவு கஷ்டமா என்று கேட்பீர்கள். மிரர்லெஸில் அது முன்பை விட இலகுதான். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளுக்கு நிறம் காட்டும், ஒரு பட்டனை அழுத்தினால் கண் மட்டும் பெரிதாகத் தெரியும். ஆட்களை இருத்திவைத்து 50ஆல் எடுக்கிற படத்துக்கு அது தாராளமாகப் போதும். 80-200 கதை வேறு. 200இல், எஃப்2.8இல், 5 மீற்றர் தள்ளி நிற்கும் மணப்பெண்ணை எடுத்தால் தெளிவாக இருக்கிற ஆழம் மொத்தமே ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை குனிகிறார், ஐயர் கை குறுக்கே வருகிறது, மூன்று முடிச்சு முடிகிறது. அந்த நேரத்தில் பெரிதாக்கிப் பார்த்துத் திருகிக்கொண்டு நிற்க ஏலாது. திமிங்கிலம் பார்க்கப் போகிற வள்ளத்தில் என்றால் கேட்கவே வேண்டாம். மார்ச் முதல் ஓகஸ்ட் வரை நீலத் திமிங்கிலத்தைத் தேடி இங்கிருந்து வள்ளங்கள் போகின்றன. நீங்களும் ஆடுகிறீர்கள், அதுவும் போகிறது, முதுகு தெரிகிற நேரமோ சில விநாடிதான்.

சரி, அடப்டர் என்பதே எப்படிச் சாத்தியமாகிறது, ஏன் சிலதுக்கு இருக்கிறது, சிலதுக்கு இல்லை? இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் எந்தக் கடைக்காரரும் உங்களை ஏமாற்ற முடியாது. ஒவ்வொரு லென்ஸும் தன் பின்னால் குறிப்பிட்ட ஒரு தூரத்தில் படத்தை விழுத்தும்படி செய்யப்பட்டது. நிக்கோனின் பழைய எஃப் மவுண்டில், அது வந்த 1959 முதல் இன்று வரை, மவுண்ட் வளையத்திலிருந்து ஃபிலிமுக்கோ, படம் பதியும் சென்சருக்கோ உள்ள தூரம் 46.5 மில்லிமீற்றர். உள்ளே கண்ணாடி எழும்பி இறங்க அந்த இடம் தேவை. மிரர்லெஸில் அந்தக் கண்ணாடி இல்லை, அதனால் இசட் மவுண்டில் 16 மில்லிமீற்றர் போதும். மிச்சம் 30.5 மில்லிமீற்றரை நிரப்புகிற வெற்றுக் குழாய்தான் அடப்டர். உள்ளே கண்ணாடித் துண்டு எதுவும் இல்லாததால் படத்தின் தரமும் குறையாது.

கிணற்றுக் கயிறு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆழக் கிணற்றுக்கு வெட்டிய நீளக் கயிற்றை ஆழம் குறைந்த கிணற்றுக்குக் கொண்டுபோனால், ஒரு மேடை கட்டி அதில் ஏறி நின்று இறைக்கலாம். கட்டைக் கயிற்றை ஆழக் கிணற்றுக்குக் கொண்டுபோனால் வாளி தண்ணீரைத் தொடாது. இசட் லென்ஸை டி7000இல் போட முடியாததற்குக் காரணம் அதுதான். கெனனின் இஎஃப் மவுண்ட் 44, அதனால் நிக்கோன் எஃப் லென்ஸைக் கெனன் பொடியில் 2.5 மில்லிமீற்றர் வளையம் ஒன்றால் பூட்டலாம், கெனன் லென்ஸை நிக்கோன் எஃப் பொடியில் பூட்ட முடியாது. பெரியப்பாவின் அலுமாரியில் கெனன் ஏஇ-1 ஒன்றும் அதன் எஃப்டி லென்ஸும் தூங்கிக்கொண்டிருக்கலாம். அந்த எஃப்டிக்கு 42. இஎஃப் பொடிக்கு 2 மில்லிமீற்றர் கட்டைக் கயிறு, உள்ளே திருத்தக் கண்ணாடி வைத்த அடப்டர் இல்லாமல் தூரத்தில் ஃபோகஸ் விழாது. அதே லென்ஸ் எந்த மிரர்லெஸிலும் வெற்று வளையத்தோடு அழகாக வேலை செய்யும். கையால் திருக வேண்டும், அவ்வளவுதான்.

அதே அலுமாரியில் 1977க்கு முந்திய நிக்கோன் லென்ஸ் இருந்தால் கொஞ்சம் கவனம். அந்த வருடத்தில்தான் ஏஐ என்ற துவார இணைப்பு வந்தது. அதற்கு முந்தியவற்றை, பின்வளையம் மாற்றப்படாமல் இருந்தால், டி7000இல் பலவந்தமாகப் பூட்டாதீர்கள். மவுண்டின் விளிம்பில் இருக்கும் சின்ன நாக்கை அது முறித்துவிடலாம்.

இனி அந்த 10 மெகாபிக்சல் கதை. டி7000இன் சென்சர் சின்னது, நிக்கோன் அதை டிஎக்ஸ் என்கிறது. இசட்5இல் இருப்பது ஃபுல் ஃப்ரேம், அதாவது எஃப்எக்ஸ். உங்கள் 18-105 டிஎக்ஸ் சென்சரை மூடுகிற அளவுக்கு மட்டுமே வட்டம் போடும். சின்னக் குடைக்குக் கீழே பெரிய மேசையை வைத்தால் நான்கு மூலையும் நனையும்தானே. நனைந்த மூலையைக் கமராவே வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் தருகிறது. அளவு வித்தியாசம் 1.5 மடங்கு என்பதால் பரப்பு 2.25 மடங்கு குறைகிறது. இசட்5இன் 24ஐ 2.25ஆல் வகுத்தால் 10 சொச்சம் மிஞ்சும். கெனனில் அந்த மடங்கு 1.6. அதனால் அதன் 20 மெகாபிக்சல் மிரர்லெஸான ஆர்6இல் சின்ன சென்சர் லென்ஸைப் போட்டால் 8ஐ ஒட்டித்தான் மிஞ்சும்.

10 மெகாபிக்சல் கேவலமான அளவில்லை. நீளப் பக்கம் 3,900 புள்ளிக்கு மேல் வரும், 300 புள்ளிக் கணக்கில் அச்சடித்தால் 13 அங்குலம். அல்பத்தின் ஒரு பக்கத்துக்குத் தாராளம். இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடவோ, ஓரத்தில் நிற்கிற மாமாவை வெட்டிவிட்டுப் பெரிதாக்கவோ போனால் இடிக்கும். அதற்காகவா ஃபுல் ஃப்ரேம் வாங்கினோம் என்ற கேள்வியும் வரும்.

எதிர்ப்பக்கத்தையும் மறக்க வேண்டாம். உங்கள் 80-200 டி7000இல் 120-300 போல நெருங்கிக் காட்டும், ஃபுல் ஃப்ரேமில் வெறும் 80-200தான். மண்டபத்துக்குள் அது வசதி, பின்னால் போகச் சுவர் விடாத இடங்களில் பெரிய ஆறுதல். கடற்பறவைக்கும் திமிங்கிலத்துக்கும் நட்டம்.

பழைய லென்ஸ், புதிய பொடி என்பதையே பேசுகிறோம். தலைகீழாகவும் மாட்டுப்படலாம், அது இன்னும் மோசம். நிக்கோன் பிறகு ஏஎஃப்-பி என்று ஒரு வகை விட்டது. சத்தமில்லாத, மலிவான, நல்ல லென்ஸ்கள். 70-300 ஏஎஃப்-பி பாவித்ததாக அடிக்கடி விலைக்கு வரும். அதை டி7000இல் போட்டால் ஓட்டோ ஃபோகஸும் இல்லை, கையால் திருகினாலும் ஒன்றும் நடக்காது, ஏனென்றால் அந்த வளையமே மின்சாரத்தில்தான் இயங்குகிறது. டி90, டி5100 ஆகியவற்றிலும் அதே கதி. லென்ஸின் பெயரில் கடைசியாக ஈ என்று எழுத்து இருந்தால் துவாரமும் மின்சாரத்தில் இயங்குகிறது என்று அர்த்தம். டி7000 அதைத் தாங்கும், டி90 தாங்காது. ஜி என்றால் துவார வளையம் இல்லை. டி என்றால் வளையம் இருக்கும், அதை எஃப்22இல் பூட்டி வைக்காவிட்டால் டி7000 எஃப்-ஈ-ஈ என்று காட்டிவிட்டுச் சுட மறுக்கும். கமரா பழுதென்று பயந்து என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள். லென்ஸின் பெயர் நீளமாக இருப்பது விளம்பரத்துக்காக என்று நினைக்கிறோம், உண்மையில் அது அதன் சாதகக் குறிப்பு. விலை பேசுமுன் ஓரெழுத்து விடாமல் வாசியுங்கள்.

நிக்கோனின் அடப்டரை விட மிக மலிவாக ஒரு வெற்று வளையத்தையும் கடையில் காட்டுவார்கள். அதில் மின்தொடர்பு கிடையாது. 18-105 போன்ற ஜி லென்ஸ் கமராவிலிருந்து கழன்றால் துவாரத்தைத் தானே முழுதாக மூடிக்கொள்ளும், ஃபோகஸ் மோட்டரும் செத்துவிடும். உங்கள் வேலைக்கு அது சரிவராது.

சிநேகிதன் சொன்ன கெனன் விஷயத்துக்கு வருவோம். அவர் தன் அனுபவத்திலிருந்து பேசுகிறார் போல, அவருக்கு அது சரி. கெனன் 1987இல் இஎஃப் மவுண்டைக் கொண்டுவந்தபோது எஃப்டி லென்ஸ்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் அநாதையாக்கிவிட்டது. வைத்திருந்தவர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் அன்றே மோட்டரை லென்ஸுக்குள் வைத்துவிட்டதால், அதற்குப் பின் வந்தவர்களுக்குத் தலையிடி குறைவு. 1990இல் வாங்கிய இஎஃப் லென்ஸ் இன்றைய ஆர் கமராவில் கெனனின் அடப்டரோடு தானாக ஃபோகஸ் செய்யும். நிக்கோன் பழையவர்களைக் கைவிடாமல் ஒரே வாயை வைத்துக்கொண்டே போனது, அதற்கான கடனைத்தான் நீங்களும் நானும் கட்டுகிறோம்.

ஆனால் உங்களிடம் இருப்பது நிக்கோன் லென்ஸ்கள். கெனனுக்கு மாறினால் மூன்றையும் விற்று, எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டும். ஃப்ளாஷும் மாற்ற வேண்டும். அந்தக் கணக்கு சிநேகிதனின் பேச்சில் வராது.

அப்படியும் ஒருநாள் கெனன் பக்கம் போனால் இரண்டு இடத்தில் கவனம். இஎஃப் லென்ஸில் சிவப்புப் புள்ளி, சின்ன சென்சருக்கான இஎஃப்-எஸ் லென்ஸில் வெள்ளைச் சதுரம். வெள்ளைச் சதுரம் 6டி, 5டி போன்ற ஃபுல் ஃப்ரேம் பொடியில் பூட்டவே படாது, பின்பக்கம் உள்ளே துருத்தி நிற்பதால் கண்ணாடியில் முட்டும். ஆனால் சிக்மா, டாம்ரோன் செய்த சின்ன சென்சர் லென்ஸ்கள் அதே 6டியில் பூட்டுப்பட்டுவிடும், மூலைகள் கறுப்பாக வரும். அடுத்தது எம்50 என்ற கெனனின் சின்ன மிரர்லெஸ். பாவித்தது நல்ல விலைக்கு வரும், யூடியூப் செய்கிற பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதன் இஎஃப்-எம் மவுண்ட் 2012இல் வந்து, கெனனின் புதிய மிரர்லெஸ் மவுண்டான ஆர்எஃப் வந்தபின் முடிந்துபோன வரிசை. அதற்கு 18 மில்லிமீற்றர், ஆர்எஃப்பிற்கு 20, கட்டைக் கயிறுதான். எம்50இன் லென்ஸ்களை நாளைக்கு ஆர்எஃப் கமராவான ஆர்50க்குக் கொண்டுபோக வழியில்லை. இருக்கிறபடியே பாவிக்கத் தயாரென்றால் வாங்கலாம், படிக்கட்டாக நினைத்து வாங்க வேண்டாம்.

சோனியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. 2010 முதல் ஒரே ஈ மவுண்ட், இரண்டு சென்சர் அளவுக்கும் அதுவே, சிக்மாவும் டாம்ரோனும் அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள். வெறுங்கையோடு தொடங்குகிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். உங்கள் கை வெறுங்கை இல்லை.

மூன்றாந் தரப்பு லென்ஸ் பற்றி ஒரு பந்தி. கமராவோடு பேசும் மொழியைச் சிக்மாவும் டாம்ரோனும் பெரும்பாலும் தாங்களே கண்டுபிடித்துத்தான் லென்ஸ் செய்துவந்தார்கள். புதுப் பொடி வந்தால் சில நேரம் பேச்சு நின்றுவிடும். ஃபிலிம் காலத்துச் சிக்மா லென்ஸ்கள் சிலவற்றைக் கெனன் டிஜிட்டலில் போட்டால் எரர் காட்டி நிற்கும், முழுத் துவாரத்தில் மட்டும் சுடும். எஃப்.ரி.இசட் வந்தபோது டாம்ரோனின் சில லென்ஸ்களுக்கு ஃபர்ம்வெயர் (லென்ஸுக்குள் இருக்கும் மென்பொருள்) மாற்ற வேண்டி வந்தது. சிக்மாவுக்கு யூஎஸ்பி டொக், டாம்ரோனுக்குத் தப்-இன் என்று தனிக் கருவிகள் உண்டு, எல்லா லென்ஸுக்கும் பொருந்தாது. டாம்ரோனில் டிஐ என்றால் ஃபுல் ஃப்ரேமுக்கு, டிஐ 2 சின்ன சென்சருக்கு, டிஐ 3 மிரர்லெஸுக்கு. சிக்மாவில் டிஜி பெரியது, டிசி சின்னது, கூடவே டிஎன் என்று இருந்தால் மிரர்லெஸ். டிஎன்னோ டிஐ 3ஓ டி7000இல் போட ஆசைப்படாதீர்கள். மேலே சொன்ன கயிறுதான்.

லென்ஸை மட்டும் பார்த்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுகிறோம். உங்கள் டி7000இன் பற்றரி ஈஎன்-ஈஎல்15 இசட்5இலும் வேலை செய்யும், கமராவுக்குள் வைத்து யூஎஸ்பியால் சார்ஜ் மட்டும் ஏறாது. இரண்டிலும் இரட்டை எஸ்டி கார்ட். நிக்கோனின் எஸ்பி ஃப்ளாஷும் பற்றும், ஆனால் இருட்டில் ஃபோகஸுக்கு உதவ அது அடிக்கிற சிவப்பு வெளிச்சம் இசட் கமராக்களில் எரியாது. இரவு மண்டப வேலை செய்கிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் என்ன செய்வேன்? முதலில் கமராக் கடைக்குப் போகமாட்டேன். படங்களை ஒழுங்குபடுத்தும் லைட்ரூம் மென்பொருளைத் திறந்து, கடந்த ஒரு வருடத்தில் அல்பத்துக்குப் போன படங்களை லென்ஸ் வாரியாகப் பிரித்துப் பார்ப்பேன். ஒருமுறை நான் அப்படிப் பார்த்தேன். 70-200தான் என் உயிர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அல்பத்துக்குப் போனதில் பெரும்பகுதி 35க்கும் 50க்கும் நடுவில் எடுத்த படங்கள். தூர லென்ஸ் என் தோளைத்தான் அதிகம் உழைக்க வைத்திருக்கிறது.

உங்கள் பட்டியலில் 80-200உம் 50உம் மேலே வந்தால், பாவித்த நிக்கோன் டி750 ஒன்றைத் தேடுங்கள். 2014இல் வந்தது, 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம், பொடிக்குள் மோட்டர் உண்டு, பற்றரியும் அதே. இரண்டு லென்ஸும் முதல் நாளே கிர்ர் என்று ஓடும், அடப்டர் காசு மிச்சம். இருட்டில் டி7000க்கு மேல் எத்தனையோ படி. ஷட்டர் 1,50,000 சூட்டுக்கு என்று சோதிக்கப்பட்டது, எத்தனை ஓடியிருக்கிறது என்று பாருங்கள். சில தொகுதிகளில் ஷட்டர் குறை இருந்து நிக்கோனே இலவசமாகத் திருத்திக் கொடுத்தது, இலக்கத்தை வைத்து அதையும் விசாரியுங்கள். பழைய தொழில்நுட்பம் என்று சிரிப்பார்கள். மணவறையில் நிற்கிற மணப்பெண் கமராவுக்குள் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்பதில்லை.

18-105 மேலே வந்தால் கதை மாறும். அந்தத் தூரங்கள்தான் உங்கள் தொழில் என்று அர்த்தம். அப்போது இசட்5 எடுங்கள், ஆனால் அடப்டருக்குக் கொடுக்கிற காசையும் சேர்த்து 24-70 எஃப்4 போன்ற ஓர் இசட் லென்ஸோடு எடுங்கள். கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ், அதிர்வுத் தடுப்பு எல்லாம் அப்போதுதான் முழுதாகக் கிடைக்கும். அடப்டரில் தொடங்கிப் பிறகு லென்ஸ் வாங்கலாம் என்பவர்கள் அடப்டரிலேயே நின்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், நானும் ஒரு வருடம் நின்றேன்.

எதை வாங்கினாலும் உங்கள் மூன்று லென்ஸையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். கடையில் அந்தப் பொடியிலேயே ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். கிட்டத்தில் ஒன்று, றோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஃபோகஸ் பாருங்கள். துவாரத்தை எஃப்8இல் வைத்து ஒன்று, முழுதாகத் திறந்து ஒன்று, இரண்டும் ஒரே வெளிச்சமாக விழுகிறதா என்று பாருங்கள். வெறும் சுவரை எடுத்து மூலைகளைப் பாருங்கள். பாவித்த லென்ஸ் என்றால் பின்னாலிருந்து டோர்ச் அடித்துப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். எங்கள் கடற்காற்றுக்கும் ஈரத்துக்கும் அலுமாரிக்குள் மூடிக் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் பிடித்திருக்கும். திடீரென்று லென்ஸ் பேசாமல் போனாலும் உடனே பழுதென்று நினைக்காதீர்கள். நிலாவெளிக்குப் போய்வந்தபின் பின்பக்கத்துப் பொன்னிறப் புள்ளிகளில் உப்பு படிந்திருக்கும், உலர்ந்த மென்துணியால் துடைத்தால் பல நேரம் சரியாகிவிடும்.

பாவித்த பொடியைத் தனி ஆளிடம் வாங்குகிறீர்கள் என்றால் ஒரு நாள் வைத்துப் பார்க்கத் தவணை கேளுங்கள். கிடைத்தால் 80-200ஐப் பூட்டிக்கொண்டு காலையில் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற வழியில், கோட்டைக்குள் மேய்கிற புள்ளிமான்களிடம் போங்கள். உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் கமராவை மான் பக்கமே வைத்திருங்கள். அவை ஆட்களுக்குப் பழகியவை, நின்று காட்டும், திடீரென்று நடக்கும், மர நிழலுக்குள் போய் வெயிலுக்குள் வரும். புதுப் பொடி எது வந்தாலும் நான் பார்க்கிற இடம் அதுதான். இருபது முப்பது படம் எடுத்து, வீட்டுக்கு வந்து கண்ணில் ஃபோகஸ் விழுந்தது எத்தனை என்று எண்ணுங்கள். அதே மானை அதே லென்ஸால் டி7000இலும் எடுத்து வைத்திருந்தால் இன்னும் நல்லது.

எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் டி7000ஐ மட்டும் இப்போதைக்கு விற்க வேண்டாம். அதற்குக் கிடைக்கப்போவது பெரிய விலையில்லை. இசட்5ஐ ஒரு தோளில், 80-200 பூட்டிய டி7000ஐ மற்றத் தோளில் போட்டுக்கொண்டு இந்த வருடக் கலியாண சீசனை ஓட்டலாம். அந்த லென்ஸுக்கு மோட்டர் அதற்குள்தான் இருக்கிறது.